மீதிப் படிகள்

எழுந்திருக்கலாம். நினைத்தால் இந்த நிமிஷமே எழுந்து, பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மளமளவென்று நாலு படி ஏறிவிடலாம், அதில் சந்தேகமே இல்லை. கலாமணி தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, இதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். பழனி மலைப் படிக்கட்டில் பாதித் தூரத்தில் இருந்தது அந்தக் கல்மண்டபம். பக்கத்தில் வாயை மஞ்சள் துணியால் கட்டிய இரண்டு பால்குடங்கள், ஒன்று அவளுடையது, இன்னொன்று அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியுடையது. அவர் சோடா வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போயிருக்கிறார். போகும்போது, "சித்த நேரம் மூச்சு வாங்கிக்க கண்ணு, வந்தர்றேன், அப்பறம் ஒரே தம்முல ஏறிரலாம்" என்றார். ஒரே தம்! அந்தத் தம்தானே இங்கே இல்லை. எழுந்திருப்பதா கஷ்டம், ஏறுவதா கஷ்டம்? ஏறி, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, சிரித்துப் பேசி, திருப்பூருக்குப் பஸ் ஏறுகிற வரைக்கும்கூட இந்த உடம்பு நல்ல பிள்ளையாட்டம் கூடவே வரும், யாரும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. நாளைக்கு, இல்லாவிட்டால் நாளை மறுநாள் காலையில்தான் அது தன் வேலையைக் காட்டும். அப்போது பார்க்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, தலையணை உறை கன்னத்தில் உரசுவதுகூடத் தாங்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கப்போவது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவள் இன்றைக்கு ஏறினது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஏறினாளே, நாங்க கண்ணால பார்த்தோமே என்பார்கள். ஆமாம், பார்த்தீர்கள், நல்லாப் பார்த்தீர்கள்.

நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. கரண்ட் போன பிறகும் தையல் மெஷினின் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி உள்ளே திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வேட்டி கட்டின ஒரு கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. அவர்கள் பின்னால் ஒரு பெரியம்மா தடியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முருகா முருகா என்று முனகிக்கொண்டு ஏறி வந்து, இவளைப் பார்த்து நின்றார். "ஏனம்மிணி, ஒடம்புக்கு ஆவுலியா?" என்று கேட்டார். "இல்லீங்க, சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள் கலாமணி, சட்டென்று காலை மடக்கிக்கொண்டு. வேறு என்ன சொல்வது, அந்த வயசில் தடியோடு ஏறுகிறவரிடம் இந்த வயசில் முடியவில்லை என்றா? "சின்ன ஒடம்பு, எந்திரிச்சு வா சாமி, கூப்பிட்டவன் ஏத்தாமப் போயிருவானா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கூப்பிட்டவன். அவனா கூப்பிட்டான்? வீட்டுக்காரர்தானே வர்றோம் என்று வாக்குக் கொடுத்தது. கொரோனாக் காலத்தில் அவள் பெரியாஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தபோது, உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்ட கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு இவர் பழனி இருக்கும் திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அவள உசுரோட குடுத்துரு முருகா, நாங்க ரெண்டு பேரும் பால்குடம் எடுத்து நடந்தே படியேறி வர்றோம். அவளுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நர்ஸ் ஒருத்தி காதில் போனை வைத்தாள், அதற்குள்ளிருந்து இவர் குரல் மட்டும் வந்தது, "எங்கயும் போயிராத கலா, எங்கயும் போயிராத" என்று, பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்காரவைத்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போகிறவர் சொல்வது மாதிரி. அவளும் போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். காய்ச்சல் போனது, இருமல் போனது, குழாயை எடுத்தார்கள், ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள். வீதியே முருகன் குடுத்த உசுரு என்றது. கொடுத்த உயிரை முழுசாகக் கொடுத்தானா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்தவர்கள் டாக்டர்கள்தான், அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் பனியன் கம்பெனிக்குப் போனாளே, அங்கேதான் ஆரம்பித்தது. எத்தனை வருஷமாகத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள், கை தூக்கத்தில்கூட அந்த வேலையைச் செய்யும், ஒரு நாள் கையில் துணியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் முழித்தாள். பக்கத்து மெஷின்காரியிடம் நூல் கேட்க வேண்டும், நூல் என்கிற சொல் வரவில்லை, "அது, அதைக் குடு, நீளமா இருக்குமே" என்றாள், லைனே சிரித்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் நின்று நூல், நூல், நூல் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நின்றால் நெஞ்சு அடித்தது. ஒரு நாள் வேலைக்குப் போனால் மூன்று நாள் படுக்கை. அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைச்சல், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், குகைக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். முதல் தடவை நார்மல் என்று வந்த அன்று ஈஸ்வரமூர்த்தி அல்வாப் பொட்டலத்தோடு வந்தார், வாசலிலிருந்தே "ஒண்ணும் இல்லையாம் கலா, எல்லாம் நார்மலாம்!" என்றார், அவள் ஓவென்று அழுதாள். சந்தோஷத்துல அழுகறா என்று மாமியார் ராமாயி சொன்னாள். கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா, மெஷினை நிறுத்திவிட்டு, உடைந்த துண்டு அத்தனையையும் தரையில் தவழ்ந்தாவது பொறுக்கி, காகிதத்தில் ஒட்டி முழு ஊசியாகச் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துணுக்குக் குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டு முழுக்க ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போகும், எங்கேயோ ஒரு குழந்தை போடப்போகிற சட்டையில்லையா. ஆனால் அந்த மெஷினுக்கும் ஓர் அளவு உண்டே, அதற்குக் கீழே போன துணுக்கை அது விட்டுவிடும், பாஸ் என்று பச்சை லைட் எரியும். அவளுக்கும் எரிந்தது. எந்தத் துணுக்கு குறைகிறது என்று தேடத் தரையில் தவழ யாரும் தயாராக இல்லை. நார்மலுக்கு மேலே என்னம்மா வேணும் உங்களுக்கு என்று கேட்டார் ஒரு டாக்டர். அவர் கேட்டதிலும் தப்பில்லைதான்.

தவழ்ந்து தேடினவள் என்று சொன்னால் அந்தக் கோயமுத்தூர் டாக்டரம்மா ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும். சின்ன வயசுதான், முன்பற்கள் கொஞ்சம் எடுப்பாக இருக்கும், பேர்கூட மறந்துவிட்டது, மறந்துவிட்டது என்று இப்போதெல்லாம் சொல்லவே பயமாக இருக்கிறது. அவள் கலாமணியைப் படுக்கவைத்து நாடி பார்த்தாள், நிற்கவைத்துப் பார்த்தாள், நிற்கவைத்தபடியே வெகுநேரம் பார்த்தாள், "நின்னா நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுதே, இதை யாரும் பார்க்கலையா?" என்றாள். படுத்திருக்கிறவளுக்கு எடுத்த படத்தில் நிற்கிறவள் எப்படித் தெரிவாள்? அப்புறம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள். இதுதான்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதுங்க, உலகத்துல இன்னும் யாருக்கும் தெரியாது, தேடிக்கிட்டிருக்காங்க. அந்தக் கிருமியோட துண்டு துணுக்கு குடல்லயோ வேற எங்கயோ ஒளிஞ்சு கிடக்கலாம். ஊசித் துணுக்கு! கலாமணிக்கு அந்த இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லைன்னா கிருமி எப்பவோ போயிருக்கலாம், அதை எதிர்த்துச் சண்டை போட்ட உங்க உடம்பு இன்னும் சண்டையை நிறுத்தாம உங்களையே போட்டு அடிக்கலாம். அது எப்படியிருக்கும் என்று கலாமணிக்குத் தெரியும், குழாயடியில் வம்பிழுத்தவள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போயே போய்விட்டாள், பதிலுக்குச் சண்டை போட்டவள் இன்னும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள், வருகிறவன் போகிறவன் எல்லாம் எதிரி. ரத்தத்துல கண்ணுக்குத் தெரியாத பொடிக் கட்டிகள் அடைச்சுக்கிட்டு, சதைக்குப் போக வேண்டிய காத்து போகாம இருக்கலாம். நெஞ்சையும் மூச்சையும் தானா ஓட்டற நரம்பு தடுமாறியிருக்கலாம். சாப்பிட்டதைத் தெம்பா மாத்தற வேலை உடம்போட ஒவ்வொரு பொட்டுக்குள்ளயும் நடக்குது, அது நொண்டலாம், அதனாலதான் வேலை செஞ்ச அன்னைக்கு விட்டுட்டு மறுநாள் சாய்க்குது. ஒண்ணா இருக்கலாம், எல்லாம் கலந்தும் இருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று அத்தனை இருக்கலாம். ஆனாலும் அந்த ஒவ்வொரு இருக்கலாமும் அவளுக்கு வாயில் வார்த்த தண்ணீர் மாதிரி இறங்கியது. கடைசியில் டாக்டரம்மா சொன்னாள்: "தெம்பு இருக்கற அன்னைக்கே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சரலாம்னு நினைக்காதீங்க, முடியாமப் போறதுக்கு முன்னாடியே நிறுத்திருங்க. ஒண்ணு மட்டும் எனக்கு உறுதியாத் தெரியும். நீங்க நடிக்கல." நீங்க நடிக்கல. கலாமணி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். இப்போது இந்தத் தூணடியில் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் சொல் அப்படியே இருக்கிறது, ஆனால் சொல்லை வைத்துக்கொண்டு படியேற முடியுமா?

கோயமுத்தூரிலிருந்து ஈஸ்வரமூர்த்தியோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவிநாசி தாண்டின பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "அத்தனை சொன்னாங்க, ஒண்ணும் உறுதியில்லைங்கறாங்க. எனக்கு உறுதியாத் தெரிஞ்சது ஒண்ணு இருக்குது" என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சொன்ன சொல்லைச் செய்யாம வெச்சிருக்கோம் கலா. உசுரைக் குடுத்தவன் தெம்பைப் பிடிச்சு வெச்சிருக்கான்." பாவம் முருகன், அவன் மேல் இந்தப் பழி வேறு. அவருக்கு அது கோபமில்லை, சந்தேகமில்லை, வைத்தியம். டாக்டரம்மா தேடுகிற காரணத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான், மருந்தும் அதிலேயே இருக்கிறது, மலை அங்கேயே இருக்கிறது, போய் ஏற வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மகள் சஷ்மிதாவிடம்கூட, "பழனி போயிட்டு வந்தா அம்மா முன்னாட்ட ஆயிரும், உன்ற ஸ்கூல் விழாவுக்கெல்லாம் வரும்" என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்தக் குழந்தையும் நம்பிக்கொண்டு, இன்றைக்குக் காலையில் அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மலைமேல் இழுத்துக்கொண்டு போகிற விஞ்ச் ரயிலுக்கு வரிசையில் நின்றபடி, "மேல வெயிட் பண்றேன்ம்மா" என்றது. மாமியாருக்கு முட்டி வீங்கியிருக்கிறது, பந்து மாதிரி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் விஞ்ச். கலாமணிக்கு வீங்கின இடம் ஒன்றுகூட இல்லையே. சஷ்மிதாவுக்குச் சீர் விழா வைத்த அன்றைக்கும் அப்படித்தான், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, வந்த ஒறம்பரை சனம் அத்தனை பேரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் நின்றாளே. அன்றைக்கு எல்லாரும் கலாமணி தேறிவிட்டாள் என்று சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் தொண்டை புண்ணாகி, கை கால் உடைந்து போட்டது போல விழுந்து, அடுத்த மாசம் வந்த கோயில் நோம்பி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. "அன்னைக்கு அத்தனை நேரம் நின்னவளுக்கு இன்னைக்கு ஒரு டம்ளர் காப்பி வெக்க முடியலையா" என்று மாமியார் சமையற்கட்டிலிருந்து கேட்டாள், சத்தமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தி மட்டும், "அடுத்த மாசம் பழனி போயிரலாம்" என்றார்.

அப்படியானால் இவள் ஏன் சரி என்றாள்? வேண்டாம் என்று சொல்ல வாயில்லையா? இருந்தது. ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே. முருகனிடம் பயமில்லாமல் யார் இருக்கிறார்கள்? ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியாக இருந்தால்? டாக்டரம்மாவின் அத்தனை இருக்கலாமோடு இதையும் ஒன்று சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? சின்ன வயசில் அவளுக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை சொருகி, தண்ணீர் ஊற்றி, அம்மா இறங்கிட்டா என்று வழியனுப்பிவைத்தார்கள். அதுவும் போகாதாமே! டாக்டரம்மா சொன்னாள், சின்னம்மைக் கிருமி முதுகுத்தண்டு பக்கத்துல நரம்புக்குள்ள படுத்துத் தூங்கிக்கிட்டேதான் இருக்கும், அப்படித் தூங்கறது இன்னும் சிலது இருக்குது, புதுக் கிருமி வந்து கலாட்டா பண்ணினதுல பழசு ஏதாவது எழுந்திருக்கவும் செய்யலாம் என்று. வந்தது எதுவுமே போவதில்லையா அப்போது? வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோமே, எல்லாம் உள்ளேதான் இருக்கிறதா, நடையில், பரணில், பாய்க்கு அடியில்? நினைத்தால் உடம்பே தன் வீடில்லை என்று தோன்றுகிறது, யார் யாரோ குடியிருக்கிற வீட்டில் அவள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் வெயில் பட்டது. குரங்கு ஒன்று பால்குடத்துத் துணியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, அதை விரட்டக் கையைத் தூக்கினாள், தூக்கின கை பாதியில் நின்றுவிட்டது, தோள் கனத்தது. ஆரம்பித்துவிட்டது. காதுக்குள் அந்த ரீங்காரம், நாக்கில் அந்தக் காசு சப்பின ருசி, இது தெரிந்த ருசிதான், இதற்கு மேலே ஏறினால் நாளைக்குத் தெம்பு கிடையாது. கிடையாது என்றால் எத்தனை நாளுக்குக் கிடையாது? போன தடவை விழுந்து எழுந்தவள் அதற்கு முன்னால் இருந்த அளவுக்கு எழவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழேதான் எழுந்திருக்கிறாள். இந்தத் தடவை எந்தப் படியில் கொண்டுபோய் வைக்குமோ. தலை பின்னிக்கொள்ளக்கூட முடியாத படியா, சோறு மெல்லக்கூட முடியாத படியா? சஷ்மிதா ஊட்டிவிடுகிற படியா? ஐயோ வேண்டாம் முருகா.

ஆனால் அதைவிட ஒன்று இருக்கிறதே, அதைத்தான் காலையிலிருந்து நினைக்காமல் நினைக்காமல் ஒதுக்கிவைத்திருந்தாள், இப்போது வழிவிடாமல் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏறி முடித்துவிட்டால் அப்புறம் என்ன? ஏறியாயிற்று, பால் ஊற்றியாயிற்று, சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று, ஊருக்கு வந்தாயிற்று. அவர் காத்திருப்பார். காலையில் காப்பியோடு வந்து, "எப்படியிருக்குது கண்ணு?" என்று கேட்பார், இன்றைக்கு அடிவாரத்தில் அடித்த மொட்டையில் இன்னும் சந்தன வாசனையோடு. இவள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பாள். அடுத்த நாளும் கேட்பார். அதற்கடுத்த நாளும் கேட்பார். அப்புறம் ஒரு நாள் கேட்க மாட்டார். அந்த நாளை அவளால் இங்கேயிருந்தே பார்க்க முடிந்தது, வாசற்படியில் நின்றுகொண்டு காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். அவரிடம் இருப்பது அந்த ஒரு காரணம். மற்றவர்களுக்கு ஆயிரம் இருக்கும், அவருக்கு இந்த மலை ஒன்றுதான் மிச்சம், இதை வைத்துக்கொண்டுதான் மனுஷன் இத்தனை நாள் சிரித்த முகமாக இருக்கிறார், மாமியார் ஏதாவது சொன்னால் சும்மா இரும்மா பழனி போயிட்டு வந்தா சரியாயிரும் என்கிறார், இவளுக்குக் கால் பிடித்துவிடுகிறார், ஷிப்டு முடிந்து வந்து சோறு பொங்குகிறார். மலையையும் ஏறி, அதற்கப்புறமும் அவள் எழவில்லை என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? சாமிக்குப் பாக்கி இல்லை, ரிப்போர்ட்டில் குற்றமில்லை, அப்புறம் தேடினால் அகப்படுவது அவள் ஒருத்திதானே. அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மனசின் ஒரு மூலையில் ஒரு நாள் வந்துவிடும், எழுந்திருக்க இவளுக்கே மனசில்லையோ என்று. அது வந்துவிட்டால் அப்புறம் எந்த மலையில் ஏறி அதை இறக்கிவைப்பது? படுத்துக் கிடப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையை மட்டும் அவளால் தாங்க முடியாது.

அவர் வருவது தெரிந்தது. வெறுங்காலோடு, சூடான படிகளில் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் டம்ளரில் எலுமிச்சைச் சோடா சிந்தாமல் ஏறி வந்தார். மொட்டையிலிருந்து சந்தனம் கரைந்து காதோரம் வழிந்திருந்தது. "குடி கண்ணு, ஐஸ் போடாமத்தான் வாங்கியாந்தேன், உனக்குத் தொண்டைக்கு ஆவாதே" என்றார். அதைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார். அவள் குடித்தாள். அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்தார். "பாதி வந்துட்டோம். இன்னைக்கோட எல்லாம் தீந்துரும் பாரு. நாளைக்கு நீயே காப்பி வெச்சுக் குடுப்ப எனக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். எப்படி ஒரு சிரிப்பு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது சிரித்த சிரிப்பு. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியலீங்க" என்றாள்.

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்து, "இன்னும் சித்த நேரம் உக்காரு" என்றார். "உக்காந்தாலும் முடியாதுங்க. இன்னைக்கு முடியாது." அவர் எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டினார். "அப்ப நான் தூக்கிக்கறேன். முதுகுல ஏறிக்க. யாரு பார்த்தா எனக்கென்ன." அவர் நிஜமாகவே குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், படியேறுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கலாமணிக்கு அந்த முதுகைப் பார்த்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது, அழுதால் அதற்கும் தெம்பு போய்விடும். "தூக்கிட்டுப் போனா அது நடந்ததாவுமாங்க? நடந்தே வர்றோம்னுதானே சொன்னீங்க?" அவர் நிமிர்ந்தார். முகம் விழுந்துவிட்டது. "ஆமா. அப்படித்தான் சொன்னேன்." விழுந்த முகத்தோடு மலையைப் பார்த்தார், பால்குடத்தைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "எந்த வருஷம்னு சொன்னீங்களா?"

"என்ன?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சொன்னீங்களே, எந்த வருஷம் வர்றோம்னு சொன்னீங்களா?"

அவர் யோசித்தார். அந்த வேப்பமரத்தடிக்கே போய், அங்கே நின்ற தன்னையே கேட்டுக்கொண்டு வருகிறவர் மாதிரி வெகுநேரம் யோசித்தார். "இல்ல" என்றார். "அது சொல்லல." "அப்பறம் என்னங்க. இருக்கட்டும் பாக்கி. எனக்கு எப்ப முடியுதோ அன்னைக்கு ஏறுவோம். அவன் எங்க போயிரப்போறான்." கோபப்படுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த மூச்சை அவர் மெள்ள விட்டார், தோள் இரண்டும் இறங்கின, அவருக்கும் அது தெரியுமோ, அவரும் இந்த மலை முடிந்துபோகுமே என்று பயந்துகொண்டுதான் ஏறினாரோ, அவளுக்குத் தெரியவில்லை. "அப்ப தைப்பூசத்துக்குப் பார்க்கலாம்" என்றார், குரலில் பழைய தெம்பு கொஞ்சம் வந்திருந்தது. "ஆவட்டுங்க" என்றாள். அவர் இரண்டு குடத்தையும் எடுத்தார். "பால் திரிஞ்சு போயிரும், உன்றதையும் நானே ஊத்திர்றேன். ஆனா இது சேத்தியில்ல, தெரிஞ்சுக்க. நீ ஏற வேண்டியது அப்படியே பாக்கிதான்" என்றார் கண்டிப்பாக. "பாக்கிதானுங்க" என்றாள். ஒரு குடத்தைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலுமாக வைத்துக்கொண்டு அவர் ஏற ஆரம்பித்தார். அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். மேலே சஷ்மிதா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், அப்பா மட்டும் வருவதைப் பார்க்கும், அதற்கு என்ன சொல்லப்போகிறாரோ, பழனி வந்தும் வராத அம்மாவைப் பற்றி. தைப்பூசம் என்பார். அதுவும் நம்பும். தைப்பூசம் வரும், அதற்கப்புறம் பங்குனி உத்திரம் வரும், வந்துகொண்டே இருக்கும். அவர் வளைவில் திரும்புகிற இடத்தில் நின்று, குடம் அசையாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயும் போயிராத கலா" என்று கத்தினார்.

இல்லீங்க என்றாள் அவள். அது அவருக்குக் கேட்டிருக்காது, கையை ஆட்டிக் காட்டினால் தெரியும், ஆனால் கை எழவில்லை. அதனால் அவர் பார்வையில் இருக்கிற வரைக்கும், முதுகைத் தூணில் வைத்து, தலையை மட்டும் நேராக நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.